அண்ணி திருப்பி அனுப்பிய மூட்டைகள்

1

என் வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு உர மூட்டைகள் ஒரு மாதமாகக் கிடக்கின்றன. என் கணவரின் அக்கா, பார்வதி அண்ணி, திருப்பி அனுப்பியவை. ஒரு நாள் காலையில் தன் தோட்டத்து லோரியிலேயே ஏற்றி வந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மழை படாமல் நீலத் தார்ப்பாய் போட்டு மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டுப் போயிருந்தார். கதவைக்கூடத் தட்டவில்லை. கோபத்தில் திருப்பி அனுப்புகிற சாமானுக்கு யாராவது தார்ப்பாய் போடுவார்களா? அண்ணி போடுவார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் பிறந்து, கல்யாணம் ஆகி மலேசியாவுக்கு வந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. கேமரன் மலையில் திரிங்காப் என்ற இடத்தில் இருக்கிறோம். நாள்காட்டியில் பார்க்கிற தேயிலைச் சரிவு இங்கே இல்லாமல் இல்லை. ஆனால் என் ஜன்னலைத் திறந்தால் தெரிவது பிளாஸ்டிக் கூரைதான். மலை முழுக்கப் பூத்தோட்டமும் காய்கறித் தோட்டமும். என் கணவர் முரளி பூ ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்கு லோரி ஓட்டுகிறார். நான் பிரிஞ்சாங் டவுனுக்குக் கீழே, கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே எல்லோரும் அதை லோஜி என்பார்கள்.

அந்த மூட்டைகளில் இருப்பது நான் செய்த உரம். அது எதிலிருந்து வந்தது என்பதை அண்ணியிடம் மறைத்தேன். அதனால், எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவில் முதல் மாலைக்குப் பூக் கொடுக்கிற அவருடைய உரிமை கையை விட்டுப் போகிற நிலைமை வந்தது. விஷயம் இவ்வளவுதான். மீதி எல்லாம் அதைச் சுற்றி நான் புலம்புகிற புலம்பல்.

2

சனி ஞாயிறு வந்தால் கீழேயிருந்து கார்கள் வரிசை கட்டி ஏறும். ஸ்ட்ராபெரி பறிப்பார்கள், குளிரில் நடுங்கிக்கொண்டே படம் எடுப்பார்கள், மேசை நடுவில் கொதிக்கிற சட்டியை வைத்துக்கொண்டு மீனும் கீரையும் மீ நூடுல்ஸும் வேகவைத்துச் சாப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சாப்பிட்டது திங்கட்கிழமை காலை என்னிடம் வந்து சேரும். எண்ணெய், மயிர், ஈரத்துணித்தாள், ஒரு தடவை ஒரு முழுப் பல் செட். அதையெல்லாம் சல்லடையில் பிடித்து, தண்ணீரைத் தொட்டி தொட்டியாக நகர்த்தி, காற்றூட்டி, தெளியவைத்து ஆற்றில் விடுவோம். கண்ணாடி மாதிரி போகும். மிச்சம் அடியில் தங்குவது கசடு. அதை மணல் பாத்தியில் பரப்பிக் காயவைக்க வேண்டும். வருஷத்தில் பாதி நாள் மூடுபனியும் மழையுமாக இருக்கிற மலையில் காயவைப்பது என்றால் என்ன பாடு என்று துணி துவைக்கிறவர்களைக் கேளுங்கள்.

திருப்பூரிலும் நான் கழிவுநீர்ப் பரிசோதனைக் கூடத்தில்தான் இருந்தேன். சாயப்பட்டறைத் தண்ணீர். நொய்யல் ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் ஓடிய காலம். அங்கே எல்லாம் சுத்தம் செய்து முடித்தபின் கடைசியில் மிஞ்சியது உப்பு. யாருக்கும் வேண்டாத கலப்பு உப்பு, கொட்டகை கொட்டகையாக. அதைப் பார்த்துப் பார்த்து, மனிதன் கழுவி விடுகிற எதற்கும் மறுபிறவி கிடையாது என்று எனக்கு ஓர் எண்ணம் விழுந்துவிட்டது. அந்த எண்ணத்தோடுதான் விமானம் ஏறினேன்.

வந்த புதிதில் வேலை பார்க்கக் கூடாது என்று விசா பாஸில் முத்திரை குத்தியிருந்தார்கள். வருடா வருடம் மலையிறங்கி, வரிசையில் நின்று, கணவர் கையெழுத்துப் போட, புதுப்பிக்க வேண்டும். ஒரு வருடம் படத்தில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு வருடம் காது தெரிந்தது, பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் முத்திரை தெரியவில்லை. நிரந்தரமாகத் தங்குவதற்கான சிவப்பு அட்டை கைக்கு வருவதற்குள் எனக்கு நரை வந்துவிட்டது.

மொழியும் கொஞ்சமாகவா படுத்தியது. நாத்தனாரை எங்கள் ஊர் வழக்கப்படி நங்கையா என்று கூப்பிட்டேன், வீடே சிரித்தது. பசியாறியாச்சா என்று காலையில் யார் கேட்டாலும், பசியே இல்லைங்க என்று பதில் சொல்வேன். காலைச் சாப்பாட்டைத்தான் கேட்கிறார்கள் என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று. லோஜியில் சேர்ந்த முதல் மாதம், காற்றூட்டும் தொட்டியில் காற்று குறைகிறது என்று குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் ஏர் என்று எழுதி வைத்தேன். அதே எழுத்துக்கு மலாயில் ஆயேர், தண்ணீர். அடுத்த ஷிப்டுக்கு வந்த மலாய்க்காரர் விசுவாசமாக ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டிருக்கிறார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சிரிப்பார், நல்ல மனிதர்.

3

கசடு முன்பெல்லாம் லோரியில் மலையிறங்கிக் குப்பை மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மேலதிகாரி ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். பெரிய நகரங்களில் கழிவுநீரில் எரிவாயு எடுக்கிறார்களாம், செங்கல் செய்கிறார்களாம், உரம் போடுகிறார்களாம், நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்றார். ஏதாவது என்பதை என் தலையில் கட்டினார்.

எனக்கு வழி தெரிந்திருந்தது. திரிங்காப்பில் சடக்கு என்கிற சாலை ஓரத்தில் பூத்தோட்டக்காரர்கள் வெட்டிப் போட்ட செவ்வந்தித் தண்டு மலை மலையாக அழுகிக் கிடக்கும். அதை நறுக்கி, காய்ந்த கசடோடு கலந்து குவித்தேன். குவியலின் நடுவில் ஐம்பத்தைந்து டிகிரிக்கு மேல் சூடு பல நாள் நிற்க வேண்டும், அப்போதுதான் கிருமி சாகும். புரட்டிப் புரட்டிப் போட வேண்டும். விறைக்கிற குளிரில் அந்தக் குவியலிலிருந்து ஆவி எழும்போது, பொய் சொல்வானேன், பக்கத்தில் நின்று கை காய்ந்திருக்கிறேன். மாதங்கள் கழித்துப் பார்த்தால் கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு கிடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. திருப்பூரின் அந்த உப்புக் கொட்டகைகளுக்கு என் கையால் ஒரு பதில் சொன்ன மாதிரி இருந்தது.

ஆனால் காகிதம் விடவில்லை. ஓர் அலுவலகத்துக்கு அது கழிவு. லோரியில் ஏற்றவே தனி அனுமதி கேட்டார்கள். இன்னொரு அலுவலகத்துக்கு அது உரம். அப்படியானால் உரம் என்று பதிவு எங்கே என்றார்கள். நானும் என் கசடும் கவுண்டர் கவுண்டராக அலைந்தோம். எனக்கு அது பழக்கம்தானே. கடைசியில், காய்கறிக்கும் கீரைக்கும் கூடாது, பூவுக்கும் மரத்துக்கும் மட்டும், சோதனையாக ஒரு தோட்டத்தில் போட்டுக் காட்டு என்று அனுமதி வந்தது.

எந்தத் தோட்டக்காரரும் ஒப்பவில்லை. அண்ணியிடம் போனேன். அவர் கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. மலைச்சரிவில் ஐந்து பிளாஸ்டிக் கூடாரத்தில் செவ்வந்தி போடுகிறார். நான் கேட்டு அவர் இல்லை என்று சொன்னது கிடையாது. என் மகள் பிறந்தபோது, அம்மா வர விசா கிடைக்காமல் நான் அழுதுகொண்டு கிடந்த நாற்பது நாளும் எனக்குப் பத்தியம் சமைத்துப் போட்டவர் அவர்தான்.

எதுலேருந்து செய்யிறது என்று கேட்டார். டவுன் கழிவு அண்ணி, அதோட உங்க பூத்தண்டு என்றேன். பாசார்ல மிஞ்சுற காய்கறியா என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை, வெறுமே தலையை ஆட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று ஒரு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தத் தோட்டத்துப் பூ அம்மனுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். சொன்னால் வேண்டாம் என்பார் என்றும் தெரியும். என் உரம் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது. வேறு சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

கூடாரத்தில் பூ பூத்தது பாருங்கள், அப்படி ஒரு மஞ்சள். தண்டு விறைப்பாக, இலை கருகாமல். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். முதல் மாலைக்கு இந்த வருஷம் இந்தப் பூதான் என்று அண்ணி ஒரு கூடாரத்தையே தொடாமல் ஒதுக்கி வைத்தார்.

4

என் மகள் யாழினி கோலாலம்பூரில் சுற்றுச்சூழல் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. என்னிடம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசினால் மூன்றாவது வாக்கியம் ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ போய்விடும். நான் கூப்பிடும்போதெல்லாம் வகுப்பில் இருக்கிறாள். நானும் விட்டுவிட்டேன். ஊரில் என் அம்மா போன் செய்தால் நானே எத்தனை தடவை அப்புறம் பேசுகிறேன் என்று வைத்திருக்கிறேன், அவளை மட்டும் என்ன குறை சொல்ல?

அவள் விடுமுறைக்கு வந்தாள். ஆச்சரியமாக, என் வேலையைப் பற்றிக் கேட்டாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. லோஜிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். குவியலில் கை வைத்துப் பார்த்தாள். அம்மா, யூ ஆர் அமேசிங் என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் மூன்று நாள் மிதந்தேன்.

நான்காம் நாள் அத்தை தோட்டத்துக்குப் போய்ப் போனில் படம் பிடித்திருக்கிறாள். அண்ணி பூங்கொத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். யாழினியின் குரல் ஆங்கிலத்தில் ஓடுகிறது: பிரிஞ்சாங் ஓட்டல்களின் கக்கூஸில் கழுவி விடுவதெல்லாம் என் அம்மாவின் கையில் உரமாகிறது, என் அத்தையின் தோட்டத்தில் பூவாகிறது, இந்தப் பூ கோயிலுக்குப் போகிறது, பாருங்கள் எவ்வளவு அழகு. அண்ணிக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. பிள்ளை தன்னைப் புகழ்கிறாள் என்று நினைத்து, கேமராவைப் பார்த்துக் கையாட்டுகிறார்.

அவள் மேல் தப்பே இல்லை. பெருமைப்பட்டாள், அவ்வளவுதான். மறைக்க வேண்டிய விஷயம் ஒன்று அதில் இருக்கிறது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

இரண்டு நாளில் அந்தப் படம் கோயில் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. கீழே ஒரே கை கூப்பும் படங்களும் சிரிக்கும் முகங்களும். ஒருவர் மட்டும், அப்பன் தொழில் விடாது போல என்று எழுதியிருந்தார். சிறிது நேரத்தில் அதை அழித்தும் விட்டார். எனக்கு அது புரியவில்லை. யார் அப்பன், என்ன தொழில்? மறுநாள் காலையில்தான் மூட்டைகள் வந்து கிடந்தன.

5

நடந்தே அண்ணி வீட்டுக்குப் போனேன். கூடாரத்துக்குள் குனிந்து மொட்டுக் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்தும் நிமிரவில்லை. மன்னிச்சிருங்க அண்ணி என்றேன். கிருமி எல்லாம் செத்துப்போகும், மண்ணுதான் மிஞ்சும், லேப்பில் சோதித்துவிட்டுத்தான் கொடுத்தேன் என்று படபடவென்று சொல்லிக்கொண்டே போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கிருமிய யாரு கேட்டா? எங்கப்பா வாளியில தூக்குனத, நீ மூட்டையில கட்டி எங்கிட்டயே கொண்டாந்து குடுத்துட்டியேலா."

அப்புறம் அவராகச் சொன்னார். அழவில்லை. மொட்டுக் கிள்ளுவதையும் நிறுத்தவில்லை.

என் மாமனாரை நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். எஸ்டேட்டில் அவர் செய்த வேலை இதுதான். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் வாளிக் கக்கூஸ். விடியும் முன்னே ஒவ்வொன்றாக எடுத்து, காவடி மாதிரி கம்பில் இரண்டு தகரம் கட்டித் தோளில் வைத்து, தேயிலைக்குக் கீழே இருக்கும் குழியில் கொண்டுபோய்க் கொட்டி மண் போட வேண்டும். மழையில் சறுக்கினால் அவர் மேலேதான் கொட்டும். கங்காணியான மண்டோர் தூரத்தில் நின்று பேர் பதிவார். அந்தக் குழி ஓரத்தில் பூசணிக்கொடி தானாகவே படர்ந்து, குடம் குடமாகக் காய்க்குமாம். எஸ்டேட் கணக்கர், கிராணி வீட்டிலிருந்து ஆள் அனுப்பி அந்தப் பூசணியை வாங்கிப் போவார்களாம். ஆனால் இவர் வீட்டுத் தண்ணீரை யாரும் குடிக்க மாட்டார்களாம். தீபாவளிக்கு அண்ணி கொண்டுபோன பலகாரத்தை லயத்துப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு, அவர் திரும்பியதும் கோழிக்குப் போட்டதைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். அப்போது வயது எட்டு.

அண்ணிக்குப் பதினாலு வயதில் குடும்பத்தோடு எஸ்டேட்டை விட்டு இறங்கித் திரிங்காப்பில் குத்தகை நிலம் பிடித்தார்கள். முட்டைக்கோஸ் போட்டார்கள், அப்புறம் பூ. பூ நன்றாக வந்த முதல் வருடம், ஒரு கூடை செவ்வந்தியோடு அந்த எஸ்டேட் கோயிலுக்கே திரும்பிப் போனார் அண்ணி. வாங்குவார்களா மாட்டார்களா என்று கூடையை இறக்காமலே நின்றாராம். வாங்கினார்கள். அடுத்த வருடம் கேட்டு அனுப்பினார்கள். பிறகு முதல் மாலை அவருடையது என்று ஆகிவிட்டது.

"அந்த மாலையப் போடப் போடத்தான் எங்கப்பா பேரு அழிஞ்சுச்சு. பாதிப் பேருக்கு மறந்தே போச்சு. இப்ப எல்லாருக்கும் ஞாபகம் வந்துருச்சு."

நான் அவர் காலில் விழப்போனேன். செடி மிதிபடும், தள்ளி நில்லு என்றார்.

6

வீட்டுக்கு வந்து முரளியிடம் சண்டை போட்டேன். கல்யாணப் பேச்சில், அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரிப் பக்கம், சுகாதாரப் பகுதி என்று சொன்னது அவர்கள்தானே. இருபத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்து, ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா? தெரிந்திருந்தால் அந்த மூட்டையோடு அண்ணி வாசல்படி ஏறியிருப்பேனா?

அவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"சொல்லியிருந்தா ஒங்கப்பா பொண்ணு குடுத்திருப்பாரா?"

கொடுத்திருக்க மாட்டார். எனக்கு என் அப்பாவைத் தெரியும். பனியன் கம்பெனியில் மேஸ்திரி. வீட்டு வாசலுக்கு வருகிற துப்புரவுக்காரருக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு தனிச் செம்பு வைத்திருந்தவர். அந்தச் செம்பில் நானே எத்தனையோ தடவை ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், கை படாமல். அதற்காக ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். இப்போது வருத்தப்படுகிறேன். வெட்கமாகவும் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று என் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. தண்ணி லேப்பில் வேலை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் கேட்டாலும் அதுவேதான். கழிவு என்ற வார்த்தையை ஊருக்குப் பேசும் போனில் நான் உச்சரித்ததே இல்லை. கசடுக்கு மறுபிறவி கொடுக்கிறேன் என்று மார்தட்டிக்கொண்டு, அதன் பெயரைச் சொல்ல மட்டும் எனக்கும் வாய் வரவில்லை. முரளி குடும்பம் எதற்குப் பயந்து மறைத்ததோ, அதற்குப் பயந்துதான் நானும் மறைத்திருக்கிறேன். அன்று சண்டை அதோடு நின்றது. அவருக்குத் தட்டில் சோறு போட்டேன், சாப்பிட்டார்.

யாழினி படத்தை எடுத்துவிட்டாள். நடந்ததைச் சொன்னபோது, அப்ப இந்த வேலையில தாத்தாதான் ஃபர்ஸ்ட், இல்லையாம்மா என்றாள். அதை அத்தையிடம் போய்ச் சொல்லித் தொலைக்காதே என்றேன். அவளுக்கு அது பெருமை. அவளுடைய தலைமுறைக்கு அப்படிப் பெருமைப்பட முடிகிறது என்பது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கோயில் கமிட்டி அண்ணியைக் கூப்பிட்டுப் பேசியது. தலைவர் ஓய்வுபெற்ற வாத்தியார், கடுமையாக ஒன்றும் சொல்லவில்லையாம். எங்களுக்கெல்லாம் ஒன்றும் இல்லை, ஆனால் ஜனங்கள் பேசுவார்கள், இந்த வருஷம் மட்டும் பூவை வெளியில் வாங்கிக் கொடுத்துவிடுங்களேன், முதல் மாலை உங்களுடையதாகவே இருக்கட்டும் என்றாராம். அண்ணி சரி என்று சொல்லிவிட்டு வந்தார். ஒதுக்கி வைத்திருந்த கூடாரத்துப் பூ முழுவதும் முரளியின் லோரியில் கோலாலம்பூருக்குப் போனது. அங்கே எந்தச் சாமி கழுத்தில் ஏறியதோ, எந்தக் கல்யாண மேடையில் தொங்கியதோ தெரியாது.

7

போன ஞாயிற்றுக்கிழமை திருவிழா. நான் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முரளிதான் சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, போலாம் என்றார்.

எஸ்டேட்டில் இப்போது கொழுந்து பறிப்பவர்கள் பாதிப் பேர் வங்காளதேசத்துப் பையன்கள். ஆனால் திருவிழாவுக்கு மட்டும் பழைய லயத்து ஜனங்கள் ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் கார் பிடித்து வந்துவிடுவார்கள். கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பெண்கள் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி கீழே உட்கார்ந்து பெட்டிகளைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சற்று நகர்ந்து இடம் விட்டார். அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

அட்டைப்பெட்டியின் மேல் சிவப்பு மையில் சீன எழுத்து முத்திரை. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் பார்த்த முத்திரை. கியா பார்ம் என்ற ஊரில் பெரிய பூத்தோட்டம் வைத்திருக்கிற சீன முதலாளி, தவுக்கேயுடையது. அண்ணி தோட்டத்துப் பூவை வந்து எட்டிப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். சோதனை முடிந்து மற்றவர்களுக்கும் உரம் கொடுக்கலாம் என்று ஆனதும், முதல் ஆளாக லோஜிக்கு வந்து, எதிலிருந்து செய்தது என்று நான் சொல்லச் சொல்லச் சிரித்தார். என் தாத்தா இதைத்தானே கீரைக்குப் போட்டார் என்றார். அதன்பின் மூட்டை மூட்டையாக லோரியில் ஏற்றிப்போனவர் அவர்தான். விநியோகத் தாளில் ஒவ்வொரு தடவையும் இதே முத்திரையைக் குத்துவார். பக்கத்தில் நான் கையெழுத்துப் போடுவேன்.

எனக்குக் கை ஓடவில்லை. வாயை மூடிக்கொண்டு பூவை எடுத்துக் கொடுத்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அண்ணியும் நிம்மதியாக மாலையைச் சாத்துவார். ஆனால் ஒரு தடவை தலையை ஆட்டித்தானே இவ்வளவு தூரம் வந்தது. இரண்டாவது தடவையும் அவருக்குத் தெரியாமல் அவர் கையாலேயே செய்யவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. அண்ணி, ஒரு நிமிஷம் என்று அவரைக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன்.

"இந்தத் தவுக்கேயும் எங்க உரந்தாங்க அண்ணி போடுறாரு. ஒங்களுக்குக் குடுத்ததவிட அதிகமாவே."

அண்ணி குழாயைத் திறந்து கையைக் கழுவினார். பூத்தூள் போகும்வரை, அவசரமில்லாமல் கழுவினார்.

"தெரியும் சுமதி. பூ வாங்கப் போனப்ப மூட்டையப் பாத்தேன். நீ கட்டுற முடிச்சுதான்."

அப்புறம் எதற்கு அண்ணி இதை வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"அவரு பூவ எங்கேருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. எம் பூவத்தான் கேப்பாங்க."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினார். மாலை தயாராகியிருந்தது. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கூட்டம் ஒதுங்கி வழி விட, உள்ளே போனார். பூசாரி வாங்கி அம்மனுக்குச் சாத்தினார். மேளம் உரக்க அடித்தது. பூ ரொம்ப நல்லா இருக்குல்ல என்றார் என் பக்கத்தில் நின்ற அம்மாள். ஆமாங்க என்றேன். எந்தத் தோட்டத்துப் பூ என்று அவர் கேட்கவில்லை.